சாரியையும் காற்புள்ளியும்: இந்திய, பன்னாட்டுப் பேரெண் முறைகளுக்கிடையிலான மாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

இலட்சம், கோடி என எண்ணும் இந்திய முறைக்கும் மில்லியன், பில்லியன் என எண்ணும் பன்னாட்டு முறைக்கும் இடையே எண்களை மாற்றுவது கணக்குச் செயலாக மட்டுமே கருதப்படுகிறது. தமிழில் அது புணர்ச்சியோடும் தொடர்புடையது. எண்ணுப்பெயர்கள் சாரியை பெற்றுக் கூடும் இடங்களே இந்திய முறையின் காற்புள்ளி இடங்களாக அமைவதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. அவ்வடிப்படையில் மாற்ற நெறிகளையும், பிழை நேரும் இடங்களையும் கள்ளக்குறிச்சி மாவட்டத் தரவுகளின் துணைகொண்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பேரெண், எண்ணுப்பெயர்ப் புணர்ச்சி, சாரியை, நூறாயிரம், டி.எம்.சி., கோமுகி அணை

முன்னுரை

கல்வராயன் மலை மேலுள்ள கரியாலூர்ப் பகுதியின் மக்கள் வாழ்வையும் நீர்வளத்தையும் ஆராய முற்படுபவர் ஒரே மேசையில் இருவகை எண்களைக் காண்பார். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் அடங்கும் பகுதிகளின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகை 13,70,281. இது இந்திய முறை. கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகி ஆற்றின் குறுக்கே மலையடிவாரத்தில் கட்டப்பட்ட அணையின் கொள்ளளவு 560.96 மில்லியன் கன அடி. இது பன்னாட்டு முறை. தமிழ்நாட்டுப் பழங்குடியினரின் தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 7,94,697. ஆங்கிலத்தில் எழுதும்போது அது 0.79 மில்லியன் ஆகிறது.

இவற்றை ஒரே தமிழ்க் கட்டுரைக்குள் கொணரும்போது ஒரு சுழியம் பிறழ்ந்தால் முடிவு பத்து மடங்கு பிறழும். இலக்கணப் பிழையைப் படிப்பவர் கண் எளிதில் பிடித்துவிடுகிறது. எண் பிழையோ மேற்கோளாகி நூலுக்கு நூல் பயணம் செய்கிறது. ஆகவே மாற்றத்தின் நெறியைத் தமிழின் எண்ணமைப்பிலிருந்தே விளங்கிக்கொள்வது ஆய்வாளர்க்குத் தேவையாகிறது.

கூட்டலும் பெருக்கலும்

தமிழில் இரண்டு எண்ணுப்பெயர்கள் அடுத்தடுத்து நிற்கும்போது அவற்றின் வரிசையும் புணர்ச்சி வடிவமும் சேர்ந்து பொருளை வரையறுக்கின்றன. நூறு முன்னும் ஆயிரம் பின்னும் நின்று நூறாயிரம் எனப் புணர்ந்தால் அது பெருக்கல், தொகை 1,00,000. ஆயிரம் முன்னும் நூறு பின்னும் நின்று ஆயிரத்து நூறு எனப் புணர்ந்தால் அது கூட்டல், தொகை 1,100. சிறிய எண் முன்னின்றால் பெருக்கலும், பெரிய எண் சாரியை பெற்று முன்னின்றால் கூட்டலும் ஆகின்றன.

ஆயிரம் என்பது எண்ணுப்பெயர் முன் வரும்போது அத்துச் சாரியை பெறுதலைத் தொல்காப்பியம் புள்ளிமயங்கியலில் கூறுகிறது. அளவு, நிறை, எண் ஆகியவற்றில் ஒரு பெயர்க்குப் பின் அதனுள் அடங்கும் சிறிய பெயர் வருமிடத்து ஏ என்னும் சாரியை தோன்றுமெனத் தொகைமரபு கூறுகிறது. இன்று நாம் ‘ஒன்றே கால்’ என்பதும் ‘ஒரு கோடியே இருபது இலட்சம்’ என்பதும் இம்மரபின் தொடர்ச்சியே. வடமொழி வழி வந்த இலட்சம் என்னும் சொல்லும் அம் ஈற்றதாகலின் ஆயிரத்தைப் போலவே அத்துப் பெற்று ‘இலட்சத்து’ என நின்றது. இகர ஈற்றுக் கோடி, ஏகாரம் பெற்றது. இவ்விரு சொற்களும் தமிழ்ப் புணர்ச்சிக்குள் முழுமையாக அடங்கிவிட்டன.

சாரியை நிற்கும் இடமே காற்புள்ளி இடம்

தமிழ்நாட்டின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகை 7,21,47,030. இதனை ஏழு கோடியே இருபத்தொரு இலட்சத்து நாற்பத்தேழாயிரத்து முப்பது எனப் படிக்கிறோம். கோடியே, இலட்சத்து, ஆயிரத்து எனச் சாரியை பெற்ற அலகுப்பெயர்கள் மூன்று; காற்புள்ளிகளும் மூன்று. ஒவ்வொரு காற்புள்ளியும் ஓர் அலகு முடிந்து அடுத்த சிறிய அலகு கூடும் இடத்தில் நிற்கிறது.

அவ்வெண்ணே பன்னாட்டு முறையில் 72,147,030 ஆகும். எழுபத்திரண்டு மில்லியன், நூற்று நாற்பத்தேழாயிரத்து முப்பது. இங்கே அலகுகள் இரண்டு, காற்புள்ளிகளும் இரண்டு. ஆயிரத்தைக் குறிக்கும் கடைசிக் காற்புள்ளி இரு முறைகளிலும் இடம் மாறவில்லை. அதற்கு இடப்புறம் இந்திய முறை இரண்டிரண்டு இலக்கமாகவும், பன்னாட்டு முறை மும்மூன்று இலக்கமாகவும் பிரிக்கின்றன. எனவே எண்ணுருவை மாற்றுவதற்குரிய நெறி எளியது: காற்புள்ளிகளை முற்றும் நீக்குக, வலப்புறமிருந்து மூன்று இலக்கம் எண்ணி முதற்புள்ளி இடுக, பின்னர்த் தேவையான முறைக்கேற்ப இரண்டிரண்டாகவோ மும்மூன்றாகவோ பிரிக்க. இலக்கங்களின் எண்ணிக்கை மாறவில்லை என்பதை இறுதியில் சரிபார்க்க.

இவ்வொப்புமைக்கு இரண்டு வரம்புகள் உண்டு. முதலாவது சுழியம். 7,00,00,030 என்பதை ஏழு கோடியே முப்பது என்றே படிப்போம். இலட்சமும் ஆயிரமும் ஒலியில் மறைகின்றன, காற்புள்ளிகள் மறைவதில்லை. பழைய தமிழ் எண்குறி முறை ஒலிப்பைப் பின்பற்றியது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக் குறிகள் அதில் இருந்தமையால் வெற்றிடத்தைச் சுழியத்தால் நிரப்பத் தேவையில்லை. நூறாயிரத்தை ௱௲ என எழுதினர். ஓலைச்சுவடிக் கணக்குகளைப் பதிப்பிப்போர் இன்றைய எண்ணுருவுக்கு மாற்றும்போது சுழியங்கள் விடுபடுவது இவ்விடத்தில்தான்.

இரண்டாவது வரம்பு கோடிக்கு மேற்பட்ட எண்கள். தொல்காப்பியம் ஐ, அம், பல் என்னும் இறுதிகளையுடைய எண்ணுப்பெயர்களைக் குறிப்பிடுகிறது. உரையாசிரியர்கள் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பவற்றைக் காட்டுவர். பரிபாடலும் இத்தகைய பெயர்களைக் காலப் பேரளவைக்கு ஆள்கிறது. இன்றைய வழக்கில் இவை எண்ணாக நிலவவில்லை. எனவே கோடிக்கு மேல் பெருக்கலையே நாடுகிறோம்: நூறு கோடி, ஆயிரம் கோடி, இலட்சம் கோடி. பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டுத் தொடக்கத்திலும் கோடியை அடுத்து நூறாயிரம் வருகிறது. அங்கு நோக்கம் எல்லையின்மையே. ஆயினும் அவ்விரண்டையும் பெருக்கினால் கிடைப்பது இன்றைய இலட்சம் கோடியே. இலட்சம் கோடியை முழு எண்ணுருவில் எழுதினால் 10,00,00,00,00,000 என அமைகிறது. இவ்வடிவில் காற்புள்ளிகள் சொல்லமைப்பைக் காட்டுவதில்லை. ஆதலின் 1 இலட்சம் கோடி எனச் சொல்லும் எண்ணும் கலந்து எழுதுவதே தெளிவு.

அலகுச் சொற்களின் மாற்றம்

எண்ணுருவாக அன்றி அலகுச் சொல்லோடு வரும் எண்களுக்குப் பின்வரும் ஈடுகள் போதும்.

1 இலட்சம் = 0.1 மில்லியன்
10 இலட்சம் = 1 மில்லியன்
1 கோடி = 10 மில்லியன்
100 கோடி = 1 பில்லியன்
1 இலட்சம் கோடி = 1 டிரில்லியன்

மில்லியனை இலட்சமாக்கப் பத்தால் பெருக்க வேண்டும். கோடியாக்கப் பத்தால் வகுக்க வேண்டும். பில்லியனைக் கோடியாக்க நூறால் பெருக்க வேண்டும். டிரில்லியனுக்கும் இலட்சம் கோடிக்கும் இடையே எண் மாறுவதில்லை. 2030ஆம் ஆண்டுக்கெனத் தமிழ்நாடு அரசு அறிவித்த ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரம் என்னும் இலக்கு, ஒரு இலட்சம் கோடி டாலர் என அப்படியே பெயர்கிறது.

ஒன்றுக்குக் குறைந்த பதின்மங்களில் பிழை மிகுதி. 0.79 மில்லியன் என்பது 7.9 இலட்சம். புள்ளியை விடுத்து 79 இலட்சம் என எழுதினால் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் மாநில மக்கள்தொகையில் ஒன்பதில் ஒரு பங்கினர் ஆகிவிடுவர். உண்மையில் அவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவினரே. மலைவாழ் மக்களின் உரிமைகளைப் பற்றிய வாதம் இத்தகைய எண்ணின்மேல் எழுப்பப்படும்போது பிழை வாதத்தையே வலுவிழக்கச் செய்யும்.

டி.எம்.சி.: வழக்கில் நிற்கும் ஒரு சான்று

தமிழகச் செய்தி வழக்கில் வேரூன்றிய டி.எம்.சி. என்பது ‘ஆயிரம் மில்லியன் கன அடி’ என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம். காவிரி வழக்கில் உச்சநீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தமிழ்நாட்டுக்குத் தர வேண்டுமெனக் கூறிய 177.25 டி.எம்.சி. அனைவரும் அறிந்த எண். ஆயிரம் மில்லியன் இன்றைய பன்னாட்டு முறையில் ஒரு பில்லியன். ஆனால் முற்காலப் பிரித்தானிய ஆங்கிலத்தில் பில்லியன் என்பது மில்லியன் மில்லியனை, அதாவது இலட்சம் கோடியைக் குறித்தது. ஆயிரம் மில்லியன் என விரித்துக் கூறுவதில் இவ்வையத்துக்கு இடமில்லை. பிரித்தானிய அரசு 1974ஆம் ஆண்டில்தான் பில்லியனை ஆயிரம் மில்லியன் என்னும் பொருளில் ஆள்வதாக அறிவித்தது. அதற்கு முற்பட்ட பிரித்தானிய நூல்களிலிருந்து தமிழாக்குவோர் பில்லியனை நூறு கோடி என உடனே எழுதிவிடுதல் தகாது. நூலின் காலமும் நாடும் நோக்கப்பட வேண்டும்.

தமிழில் டி.எம்.சி.யின் ஈடு முழு எண்ணாக அமைகிறது: 1 டி.எம்.சி. = 100 கோடி கன அடி. எனவே கோமுகி அணையின் 560.96 மில்லியன் கன அடி, 56.096 கோடி கன அடி ஆகும், 0.56 டி.எம்.சி. எனச் சுருக்கலாம். ஒரு கன அடி 28.3168 லிட்டர் ஆதலால் அது ஏறத்தாழ 1,588 கோடி லிட்டர். மில்லியன் என்பதைக் கோடி எனப் பெயர்த்து 560.96 கோடி கன அடி என எழுதினால் கோமுகி, 7,321 மில்லியன் கன அடி கொள்ளும் சாத்தனூர் அணையின் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டதாகத் தோன்றும். இவ்வாறு அறிந்த ஓர் அளவோடு ஒப்பிடுதல், பிழையைக் கண்டறியும் சிறந்த வழி.

ஈழம், மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ்

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ் இதழ்களில் மில்லியன், பில்லியன் என்பவை இயல்பான வழக்குகள். மில்லியன் என்னும் சொல் இலட்சத்தைப் போலச் சாரியை பெற்று வழங்கவில்லை. ஆகவே அது பெரும்பாலும் 1.37 மில்லியன் எனப் பதின்மத்தோடு வருகிறது. முழு எண்ணை விரித்துப் படிக்கும்போது ஓர் இடைநிறுத்தமே சாரியையின் வேலையைச் செய்கிறது. ஆயினும் அம்முறையில் வரும் முந்நூற்று எழுபதாயிரம் போன்ற தொடர்களைத் தமிழுக்குப் புறம்பானவை எனல் பொருந்தாது. நூறாயிரம் என்னும் பழந்தமிழ்ச் சொல் அமைந்த நெறியிலேயே அவையும் அமைந்துள்ளன.

இலக்கம் என்னும் சொல்லில் மட்டும் விழிப்பு வேண்டும். அது இலட்சத்தையும் குறிக்கும். எண்ணையும், எண்ணின் ஓர் உறுப்பையும் குறிக்கும். மூன்று இலக்கம் என்பது பழைய ஆவணத்தில் 3,00,000 ஆகலாம். இன்றைய பாடநூலில் மூன்று எண்ணுறுப்பு ஆகலாம். சூழலே பொருளைத் தீர்மானிக்கும்.

துல்லியம்

13,70,281 என்பதை 1.4 மில்லியன் எனச் சுருக்கியபின், அதனை மீண்டும் 14,00,000 என விரித்தல் கூடாது. மூல எண்ணுக்கும் இதற்கும் 29,719 வேறுபாடு உண்டு. சுருக்கிய எண்ணைச் சுருக்கிய வடிவிலேயே, 14 இலட்சம் அல்லது ஏறத்தாழ 14 இலட்சம் எனப் பெயர்ப்பதே முறை. மூலத்தில் எத்தனை இலக்கத் துல்லியம் உளதோ அத்தனையே பெயர்ப்பிலும் இருத்தல் வேண்டும்.

முடிவுரை

இந்திய முறையில் காற்புள்ளி தமிழ்ப் புணர்ச்சியின் கண்ணுக்குப் புலனாகும் வடிவமாகக் கோடி வரை செயற்படுகிறது. அதற்கு மேல் பெருக்கல் தொடர்களே பொருளைத் தாங்குகின்றன. எழுதிய எண்ணைச் சாரியையோடு வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதும், அறிந்த ஓர் அளவோடு ஒப்பிடுவதும் பெரும்பாலான பிழைகளைக் களையும். ஆய்வேடுகளில் ஒரு முறையையே முழுவதும் பின்பற்றி, மேற்கோள் எண்களை மூலத்தில் உள்ளவாறே தந்து, அருகில் ஈட்டெண்ணைக் குறிப்பது நன்று. அவ்வாறு செய்தால், கரியாலூர் மலையிலிருந்து இறங்கும் நீரின் அளவைக் கன அடியில் அறிந்தவரும் கோடி லிட்டரில் அறிந்தவரும் ஒரே அணையைப் பற்றிப் பேசுவர்.