மஷ்க் தாள்: எழுத்தணி மாணவரின் பயிற்சியும் பரிசோதனையும்

அரபு எழுத்தணிக் கலையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முற்றுப்பெற்ற படைப்புகளையே பேசுகின்றனர். பள்ளிவாசல் குவிமாடத்தைச் சுற்றி ஓடும் பொன்னெழுத்து, அருங்காட்சியகப் பேழைக்குள் விரித்து வைத்த குர்ஆன் பிரதி, சுல்தான்களின் துக்ரா முத்திரை ஆகியவையே நம் கண்ணில் படுகின்றன. அவற்றுக்கு முன்னால் ஒரு மாணவர் கறுப்பாக்கிக் குவித்த தாள்கள் எத்தனை என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தாளுக்கு ‘மஷ்க்’ என்று பெயர். உஸ்தாத் எழுதிக் கொடுக்கும் மாதிரியையும், அதைப் பார்த்து மாணவர் எழுதும் பயிற்சியையும் இச்சொல் ஒருங்கே குறிக்கும். ஓவியக் கல்லூரி மாணவர் தம் வரைவேட்டைப் பிறர் பார்வைக்கு வைப்பது போல, எழுத்தணி மாணவர் தம் முயற்சிகளை வெளிப்படுத்தும் இடம் இத்தாளே.

இதனைப் பற்றி இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் இளைஞர் சிலர் தூரிகையையும் வண்ணத்தையும் கையிலெடுத்து, அரபு எழுத்துகளை மனம்போன போக்கில் வளைத்து, அதற்கு எழுத்தணி என்று பெயர் சூட்டுகின்றனர். விதிகள் கற்பனையைச் சிறையிடுகின்றன என்பது அவர்களின் வாதம். பெரியவர்கள் சிலரோ, முன்னோர் வரைந்த வடிவத்திலிருந்து ஓர் இம்மியும் விலகலாகாது என்கின்றனர். இவ்விரு சாராரும் மஷ்க் தாளை ஒருமுறையேனும் கூர்ந்து பார்த்ததில்லை என்றே நாம் கருதுகிறோம்.

விதி என்று நாம் சொல்வது எதை? அப்பாஸியக் கலீஃபாக்கள் மூவரிடம் வஸீராக இருந்த இப்னு முக்லா (மறைவு ஹி. 328, கி.பி. 940) எழுத்துக்கு ஓர் அளவைத் தந்தார் என்பது வரலாறு. சாய்வாக வெட்டிய நாணல் எழுதுகோலின் முனையைத் தாளில் அழுத்தினால் சாய்சதுரமான ஒரு புள்ளி விழும். அப்புள்ளியே அளவுகோல். அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி. அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்தின் பகுதிகளிலிருந்து பிற எழுத்துகளின் வளைவுகள். கோலின் அகலம் மாறினால் புள்ளி மாறும். புள்ளி மாறினால் எழுத்தும் அதே விகிதத்தில் பெரிதாகும் அல்லது சிறிதாகும். கட்டைவிரல் நகத்தில் எழுதினாலும் சுவரில் எழுதினாலும் பொருத்தம் குலையாது. இதனாலேயே இதற்கு ‘அல்கத்துல் மன்ஸூப்’, அதாவது விகிதத்திற்குட்பட்ட எழுத்து, என்று பெயர் வந்தது. இதனை வகுத்தவரின் முடிவு துயரமானது. அரசியல் சூழ்ச்சியில் அவருடைய வலக்கை வெட்டப்பட்டது. முன்கையில் எழுதுகோலைக் கட்டிக்கொண்டு அவர் தொடர்ந்து எழுதினார் என வரலாற்றாசிரியர் கூறுவர். அவர் சிறையிலேயே மறைந்தார்.

அலிஃபின் உயரம் எல்லா எழுத்து வகைக்கும், எல்லா ஆசிரியருக்கும் ஒன்றாக இருந்ததில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒருவர் ஏழு புள்ளி என்பார்; மற்றொருவர் அதனினும் குறைப்பார் அல்லது கூட்டுவார். அளவு என்னும் கொள்கை நிலையானது; அளவின் எண்ணிக்கை ஆய்வுக்குரியது. விதியைக் கல்லில் செதுக்கிய கட்டளையாகக் காண்போர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

உஸ்மானியர் காலம் தொட்டு இஸ்தான்புல்லில் வழங்கிவரும் பாடமுறை இது. முதல் பாடம், காரியத்தை எளிதாக்கி நன்மையோடு முடித்துத் தருமாறு இறைவனிடம் வேண்டும் ஒரு சிறு துஆ. அவ்வொரு வரியை எழுதுவதிலேயே வாரங்கள், சிலருக்கு மாதங்கள் கழியும். அதன்பின் தனி எழுத்துகள், அதன்பின் ஈரெழுத்துச் சேர்க்கைகள், பிறகே சொற்றொடர். மாணவர் கொண்டுவரும் தாளில் பிழையான எழுத்துக்குக் கீழே உஸ்தாத் சரியான வடிவத்தை எழுதிக் காட்டுவார். தாளில் இருவர் கையும் அருகருகே இருக்கும். இதற்குக் கட்டணம் பெறுவது மரபன்று. பயிற்சி நிறைவுற்றதும், மாணவர் எழுதிய ஒரு படைப்பின் அடியில் உஸ்தாத் இஜாஸாவை எழுதிக் கையொப்பமிடுவார். நம் மதரஸாக்களில் ஹதீஸுக்கு ஸனது வழங்குவதை ஒத்ததே இது. அதுவரை மாணவர் தம் எழுத்தின் கீழ் ‘இதனை எழுதியவர் இன்னார்’ என்று பெயர் பொறிக்கலாகாது.

கருவிகளைப் பற்றியும் இரண்டொரு சொல். தாளில் முட்டை வெண்கருவும் படிகாரமும் கலந்த பூச்சிட்டு, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். மை என்பது விளக்குக் கரியும் வேலம்பிசினும் சேர்ந்தது. இஸ்தான்புல்லின் சுலைமானிய்யா பள்ளிவாசலில் எண்ணெய் விளக்குகளின் கரி காற்றோட்டத்தால் ஓர் அறைக்கு இழுக்கப்பட்டுச் சேகரமாகுமாறு கட்டடக்கலைஞர் சினான் அமைத்தார் என்பர். பூச்சிட்ட தாளில் மை உள்ளே ஊறாது. ஈரம் பட்டால் அழிந்துவிடும். ஆகவே பிழையை நாவால் தொட்டே அழிப்பதுண்டு. கற்றறிந்தவரை ‘மை நக்கியவர்’ என்று துருக்கியர் குறிப்பது இதிலிருந்தே வந்தது. பிழை செய்யவும் அதைத் திருத்தவும் ஏற்றவாறே தாளும் மையும் அமைந்திருந்தன என்பதே நம் கவனத்துக்குரியது.

பரிசோதனை நிகழ்வதும் இத்தாளிலேதான். கையைப் பழக்குவதற்காக ஒரே எழுத்தை, ஒரே சேர்க்கையைப் பலமுறை எழுதுவர். தாள் நிரம்பியதும் அதைத் திருப்பி, எழுதிய வரிகளுக்கு மேலேயே குறுக்காக எழுதுவர். படித்துப் பொருள் கொள்ள அதில் எதுவும் இராது. ஒரு ‘நூன்’ அகன்றால் அருகிலுள்ள ‘காஃப்’ எங்கே அமரும், இரண்டு வளைவுகள் ஒன்றையொன்று தழுவினால் இடைவெளி எவ்வாறு தோன்றும் என்பன போன்ற வினாக்களே அதில் இருக்கும். துருக்கியர் இதனைக் ‘கரலமா’ என்றனர். பாரசீகர் ‘ஸியாஹ் மஷ்க்’, கறுப்புப் பயிற்சி என்றனர். ஷைகு ஹம்துல்லாஹ், ஹாஃபிஸ் உஸ்மான் போன்ற பேராசான்களும் தம் இறுதிக்காலம் வரை பயிற்சித் தாள் எழுதியவர்களே. பிற்காலத்தார் அத்தாள்களைக் குப்பையில் எறியவில்லை. ஓரங்களில் பொன்வேலை செய்து தொகுப்பேடுகளில் ஒட்டிப் பாதுகாத்தனர். 19ஆம் நூற்றாண்டு ஈரானில் மீர்ஸா குலாம் ரிளா இஸ்ஃபஹானி போன்றோர் கையில் ஸியாஹ் மஷ்க் தனியொரு கலை வடிவமாகவே வளர்ந்தது. இதைக் கண்டு, ஐரோப்பாவின் அரூப ஓவியத்தை நாம் முந்திவிட்டோம் என்று மார்தட்டுவோரும் உண்டு. அது வேண்டாத பெருமை. அவ்வாசான்கள் முந்த விரும்பியது எவரையும் அன்று. நேற்றைய தம் எழுத்தையே.

பழமையைப் பின்பற்றுவதே ஒரு பரிசோதனை ஆகலாம் என்பதற்கு இப்னுல் பவ்வாப் (மறைவு ஹி. 413, கி.பி. 1022) பற்றி யாகூத் அல்ஹமவி பதிவு செய்துள்ள நிகழ்ச்சி சான்று. வீடுகளுக்கு வண்ணம் தீட்டும் தொழிலில் தொடங்கி, நூல்களை அணிசெய்து, அதன்பின் எழுத்துக்கு வந்தவர் இவர். ஷீராஸில் புவைஹி மன்னர் பஹாவுத் தவ்லாவின் நூலகத்தைக் கவனித்து வந்தபோது, இப்னு முக்லாவின் கைப்பட எழுதிய முப்பது பாகக் குர்ஆனில் ஒரு பாகம் இல்லாததைக் கண்டார். அதைத் தாம் எழுதிச் சேர்ப்பதாகவும், எது தம்முடையது என்று மன்னரால் கண்டுபிடிக்க இயலாவிடில் நூறு தீனாரும் ஓர் அங்கியும் தரவேண்டும் எனவும் ஒப்பந்தம் செய்தார். பழைய தாளைத் தேடியெடுத்து எழுதினார். பொன்வேலைக்குப் பழமைத் தோற்றம் கொடுத்தார். வேறொரு பாகத்தின் அட்டையைப் பிரித்து இதற்குக் கட்டினார். மன்னர் பாகம் பாகமாகப் புரட்டியும் கண்டுபிடிக்கவில்லை. வாக்களித்த பரிசு வந்துசேராது போகவே, அதற்கு ஈடாக நூலகத்திலிருந்த சீனத்துத் தாள்களைக் கேட்டுப் பெற்று, பல ஆண்டுகள் அவற்றில் எழுதினாராம்! ஹி. 391இல் இவர் நஸ்கில் எழுதிய குர்ஆன் டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. அதைக் காண்போர் இவரை எவருடைய நகலாளர் என்றும் சொல்லத் துணியார்.

நம் காலத்தில் இருவரை எடுத்துக்கொள்வோம். முஹம்மத் ஸகரிய்யா 1942இல் கலிஃபோர்னியாவில் பிறந்த அமெரிக்கர், இயந்திரத் தொழிலாளி. மொராக்கோ சென்று வந்து இஸ்லாத்தை ஏற்றவர். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்துத் தாமாகவே எழுதிப் பழகினார். அவ்வாறு ஏறத்தாழ இருபதாண்டுகள் சோதனைகளில் கழிந்தபின், 1984இல் இஸ்தான்புல்லின் இஸ்லாமிய வரலாறு, கலை, பண்பாட்டு ஆய்வு மையம் அவரை அழைத்தது. அங்கே ஹஸன் செலபியிடம் அவர் மீண்டும் முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். படைப்பாளி என்று பெயர் பெற்ற நடுவயதினர் ஒருவர் சிறுவனைப் போலத் துஆ வரியில் வந்து அமர்வது எளிதன்று. கடல் கடந்து வாழ்ந்தமையால் பயிற்சித் தாள்கள் தபாலில் போய், திருத்தங்களோடு தபாலில் திரும்பின. 1988இல் இஜாஸா கிடைத்தது. 2001இல் அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்ட பெருநாள் வாழ்த்துத் தபால்தலையில், நீலப் பின்னணியில் உள்ள பொன்னெழுத்து இவருடையதே.

மற்றவர் ஹஸன் மஸ்ஊதி. 1944இல் நஜஃபில் பிறந்து, பக்தாதில் எழுத்தணிக் கலைஞர்களிடம் தொழில் பழகி, 1969இல் பாரிஸ் சென்று அங்குள்ள நுண்கலைக் கல்லூரியில் ஓவிய மாணவரானார். நாணலை விட்டு அகலமான கருவிகளைத் தாமே செய்தார். கறுப்பை விட்டு வண்ணங்களைக் குழைத்தார். 1972 முதல் பல ஆண்டுகள் ஒரு நடிகரோடும் ஓர் இசைக்கலைஞரோடும் சேர்ந்து, தாம் எழுதுவது எழுத எழுதத் திரையில் பெரிதாகத் தெரியுமாறு மேடையில் நிகழ்த்திக் காட்டினார். கை தயங்கினால் அவையோர் அனைவரும் காண்பர். பழைய உஸ்தாதின் முன் தாளை நீட்டுவதைவிடக் கடினமான நிலை அது. இவருடைய ஓங்கிய பெரும் எழுத்துகள் எந்தப் புள்ளிக் கணக்கிலும் அடங்கா. ஆயினும் சொல்லைப் படிக்க முடிகிறது. மை எங்கே தடித்து எங்கே மெலிய வேண்டும் என்பதைக் கை அறிந்திருக்கிறது. பக்தாதில் கழிந்த ஆண்டுகள் இல்லாமல் இது கைகூடியிராது என்பது நம் முடிவு. இதை மரபு எழுத்தணி என்று அழைக்க நாம் தயங்குகிறோம். அதனால் இதன் மதிப்புக் குறையாது.

அரபு எழுத்தணி 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இஸ்தான்புல் மையம் 1986 முதல் பன்னாட்டுப் போட்டிகளை நடத்திவருகிறது. நம் அரபுக் கல்லூரிகளிலோ, நாம் அறிந்த வரையில், கையெழுத்துக்கென ஒரு மணி நேரம் ஒதுக்குவதே அரிது. ஹாஷிம் முஹம்மத் அல்பக்தாதியின் விதிநூல் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி அளவோடு காட்டுகிறது. அதன் பிரதியொன்று கல்லூரி நூலகத்தில் இருப்பது நல்லது. கூர்கத்தியும் நாணலும் மையும் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. திருத்திக் கொடுக்க உள்ளூரில் உஸ்தாத் இல்லையென்றால், ஸகரிய்யாவுக்குத் தபால் உதவியது போல, இன்று தாளைப் படமெடுத்து அனுப்பித் திருத்தம் பெறவும் வழி இருக்கிறது.