முக்காற் சாண் கறுப்புத் தட்டுகள்

மாரி தொடங்குமுன் பெட்டிகளைத் திறந்து துப்புரவு செய்வது எங்கள் வீட்டு வழக்கம். சென்ற புரட்டாதியில் அவ்வாறு திறந்த பெட்டியொன்றின் அடியிலே, மஞ்சள் பூத்த ஆங்கிலப் பத்திரிகைத் தாள்களிற் சுற்றியபடி, இருபத்துமூன்று இசைத்தட்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றும் ஏழு அங்குல விட்டம். நம் முன்னோர் கணக்கில் முக்காற் சாண். வெயில் பட்டால் வளைந்துவிடுமே என்று அவற்றை அவசரமாக நிழலுக்கு எடுத்தேன். அருகில் நின்ற பேரன் ஒன்றை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். கைத்தொலைபேசியிலே எதையோ தேடினான்.

"அப்பப்பா, இது நல்ல விலை போகுமாம். வித்தால் என்ன?" என்றான்.

நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. சொல்ல எடுத்துக்கொண்ட காலமே இக்கட்டுரை.

அவை 'பங்க் றொக்' என்னும் இசைவகையைச் சேர்ந்த தட்டுகள். ஆங்கிலத்திலே 'பங்க்' என்பது வசைச்சொல். உதவாக்கரை, காலி என்னும் பொருள்களை உடையது. பிறர் எறிந்த வசையையே ஓர் இளந்தலைமுறை தன் பெயராக எடுத்துச் சூடிக்கொண்டது. நான் மாணவனாக இலண்டனில் வாழ்ந்த காலம் அது. வேலையில்லாத இளைஞர் தொகை பெருகிக்கொண்டிருந்தது. மேடைகளிலோ பெருஞ்செல்வர்களான றொக் இசைஞர் இருபது நிமிடம் நீளும் பாடல்களை வாசித்துக்கொண்டிருந்தனர். கேட்பவனுக்கும் பாடுபவனுக்கும் இடையே பெரியதோர் அகழி விழுந்திருந்தது.

அவ்வகழியைத் தாண்டும் முயற்சி முதலில் நியூயோர்க்கிலே தொடங்கியது. பவரி வீதியில் 1973ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்ட 'சி.பி.ஜி.பி.' என்ற மதுச்சாலையின் சிறிய மேடையில் றாமோன்ஸ் என்னும் குழுவினர் இரண்டு நிமிடப் பாடல்களை இடைவிடாது பாடித் தள்ளினர். 1976 ஏப்பிரலில் வெளிவந்த அவர்களுடைய முதல் நெடுந்தட்டு ஏறத்தாழ 6,400 டொலர் செலவில், ஏழெட்டு நாட்களுள் பதிவுசெய்யப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 4ஆம் திகதி அவர்கள் இலண்டனுக்கு வந்து பாடினர். ஒக்டோபரில் 'த டாம்ட்' குழுவின் 'நியூ றோஸ்' வெளிவந்தது. பிரித்தானியப் பங்க் இசையின் முதற் சிறுதட்டு அதுவேயாகும்.

கருநாடக இசையிற் பழகிய என் காதுக்கு அது முதலில் இரைச்சலாகவே பட்டது. இது இசையா என்று நண்பரிடம் வினவினேன். "இசையா என்று கேட்காதே, யார் பாடுகிறார்கள் என்று கேள்" என்றார் அவர். அதன் பொருள் எனக்கு விளங்கியது பேரன் கையிலெடுத்த அதே தட்டினாலேதான்.

மன்செஸ்ரர் நகரத்து 'பஸ்கொக்ஸ்' குழுவினர் வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்க்ராச்' அது. 1976 ஜூன் 4ஆம் திகதி, அந்நகரின் லெசர் ஃப்ரீ ட்ரேட் மண்டபத்தில் 'செக்ஸ் பிஸ்ரல்ஸ்' குழுவின் கச்சேரி நடந்தது. கூடியவர் ஏறத்தாழ நாற்பது பேர் எனக் கணக்கிடுவர். அதை ஒழுங்குசெய்த ஹவர்ட் டெவோட்டோ, பீற் ஷெலி ஆகிய இருவருமே பஸ்கொக்ஸ் குழுவை அமைத்தவர்கள். பெரிய கம்பனிகளின் வாயிலிற் காத்திருக்க அவர்கள் விரும்பவில்லை. குடும்பத்தாரிடமும் நண்பரிடமும் 500 பவுண் கடன்பட்டனர்; டிசெம்பர் 28ஆம் திகதி, ஒரே நாளில், நான்கு பாடல்களைப் பதிந்தனர்; 'நியூ ஹோர்மோன்ஸ்' என்று தமக்கென ஒரு பெயரிட்டு, 1977 ஜனவரி இறுதியில் ஆயிரம் பிரதிகள் வெளியிட்டனர். அவை விரைவிலே தீர்ந்தன. பின்னர் விற்பனை 16,000 வரை சென்றதென்பர்.

அதன் உறையைப் பாருங்கள். ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியிற் பதிவாயிற்று, பின்னர் மேலே ஒலி சேர்க்கப்பட்டதா இல்லையா என்பனவெல்லாம் அங்கே அச்சிடப்பட்டிருக்கின்றன. சமையற்காரன் அடுக்களைக் கதவைத் திறந்து வைத்ததுபோல என்க. 'இதில் மாயம் ஒன்றுமில்லை. உன்னாலும் ஆகும்' என்பதே அவ்வுறை சொல்லாமற் சொன்ன செய்தி. அடுத்த ஆண்டு 'ஸ்க்ரிற்றி பொலிற்றி' குழுவினர் தம் தட்டின் உறையிலே செலவுக் கணக்கையே அச்சிட்டனர். 1976 ஜூலையில் மார்க் பெரி தொடங்கிய 'ஸ்னிஃபின் குளூ' என்னும் தட்டச்சுச் சஞ்சிகை கைக்குக் கை மாறியது. இன்னொரு சிறுசஞ்சிகை கிற்றாரின் மூன்று சுரக்கூட்டுகளைப் படம் வரைந்து காட்டி, இனி நீயே ஒரு குழு தொடங்கு என்று வாசகனை ஏவியது. கலையை நுகர்வோனாக மட்டும் இருந்தவன் ஆக்குவோனாக மாறிய அந்தக் கணமே இவ்வியக்கத்தின் உயிர்நிலை என்பது என் கருத்து.

கென்சிங்டன் பார்க் வீதியில், 1976ஆம் ஆண்டு ஜெப் ட்ராவிஸ் தொடங்கிய 'றஃப் ட்ரேட்' கடைக்குச் சனிக்கிழமைகளிற் செல்வேன். வாங்கப் பணமில்லாதவனையும் அங்கே எவரும் விரட்டவில்லை. மதிய உணவைத் துறந்தால் ஒரு தட்டு வாங்கலாம். அவ்வாறு துறந்த உணவுகள் இருபத்துமூன்று. கொவென்ற் கார்டனில் இருந்த 'றொக்சி' அரங்கிலே தட்டுகளை ஓட்டியவர் டொன் லெற்ஸ் என்ற கறுப்பின இளைஞர், பெற்றோர் ஜமெய்க்காவினர். ஓட்டுவதற்குப் பங்க் தட்டுகள் அக்காலை போதிய அளவு வெளிவந்திருக்கவில்லை. ஆகவே அவர் ஜமெய்க்காவின் 'றெகே' இசையை ஒலிக்கவிட்டார். வெள்ளை இளைஞர் அதைக் கேட்டு மயங்கினர். தட்டுப் பஞ்சம் இரு இனத்தாரின் இசையை மணமுடித்து வைத்த விந்தை அது.

அக்காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் ஒருப்படேன். கச்சேரிகளிற் காறி உமிழ்தலும் அடிதடியும் உண்டு. பெரியோரை அதிரவைக்கும் பொருட்டுச் சிலர் ஹிட்லரின் சுவஸ்திகாச் சின்னத்தை அணிந்து திரிந்தனர். நிறவெறி கொண்ட 'நாஷனல் ஃப்ரண்ட்' கட்சியினர் வீதிகளில் அணிவகுத்த காலத்தில் அது விளையாட்டன்று. 1977 ஓகஸ்ட் 13ஆம் திகதி, அக்கட்சியினர் இலண்டனின் லூவிஷம் பகுதியில் ஊர்வலம் வந்தபோது, அப்பகுதி மக்களும் எதிர்ப்பாளரும் திரண்டு மறித்தனர். அதே மாதத்தின் நடுப்பகுதியிலேதான் நம் நாட்டில் தமிழருக்கெதிரான வன்செயல்கள் வெடித்தன. வீட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்த அந்நாட்களில், வெளியே சென்றால் இங்கும் அந்நியன், ஊரிலும் அந்நியன் என்ற எண்ணம் என்னை வாட்டியது.

அவ்வேளையில் இவ்விசை ஒரு பக்கம் சேர்ந்தது. நிறவெறிக்கெதிரான றொக் இயக்கத்தார் 1978 ஏப்பிரல் 30ஆம் திகதி, ட்ரபல்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியாப் பூங்காவரை மாபெரும் ஊர்வலம் நடத்தினர். நானும் நடந்தேன். பூங்காவிலே 'த கிளாஷ்' பாடியது. 'ஸ்டீல் பல்ஸ்' பாடியது. 'எக்ஸ்-றே ஸ்பெக்ஸ்' குழுவின் பொலி ஸ்ரைரீன் பாடினார். சோமாலியத் தந்தைக்கும் பிரித்தானியத் தாய்க்கும் பிறந்தவர் அவர்; பல்லிலே கம்பி கட்டிய இளம்பெண். அழகு இன்னது என்று வரையறுத்த உலகை நோக்கி அவர் எழுப்பிய குரல் இன்றும் என் காதில் நிற்கிறது. ஓராண்டின் பின், தெற்காசியக் குடும்பத்து இளைஞர் மூவரும் ஆங்கிலேயர் ஒருவரும் சேர்ந்து 'ஏலியன் கல்ச்சர்' என்ற பங்க் குழுவை அமைத்தனர். அந்நியப் பண்பாட்டினரால் நாடு மூழ்கிவிடும் என்று மக்கள் அஞ்சுவதாக மார்கரெட் தாட்சர் 1978இற் கூறியதற்கு அவர்கள் சூட்டிய மறுமொழியே அப்பெயர்.

இனி விலைக்கு வருவோம். செக்ஸ் பிஸ்ரல்ஸ் குழுவினரை 1977 மார்ச்சில் ஒப்பந்தஞ் செய்த ஏ அன்ட் எம் கம்பனி, சில நாட்களிலேயே அதை முறித்து, அச்சிட்ட தட்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தது. தப்பிய சிலவற்றுக்கு இன்று ஆயிரக்கணக்கான பவுண் கொடுப்பாருண்டு. வினைல் தட்டும் மீண்டெழுந்துவிட்டது: ஐக்கிய அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு விற்ற வினைல் தட்டுகளின் தொகை, 1987க்குப் பின் முதன்முறையாகக் குறுந்தட்டுகளின் தொகையை விஞ்சியது. பழமையை இகழ்ந்து பிறந்த இசை தானே பழம்பொருளாயிற்று. இதைப் பொறாத ஜோ கொரே, 2016 நொவெம்பர் 26ஆம் திகதி, தாம் சேர்த்துவைத்த பங்க் பொருள்களைத் தேம்ஸ் நதியில் ஒரு படகில் வைத்துத் தீயிட்டார். இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் இருவரான மல்கம் மக்லாரன், விவியன் வெஸ்ற்வுட் ஆகியோரின் புதல்வர் அவர். எரிந்தவற்றின் பெறுமதி ஐம்பது இலட்சம் பவுண் என்றார்.

அவர் வாதம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் அந்தப் படத்தைப் பார்த்தபோது என் நெஞ்சு ஒப்பவில்லை. 1981இல் நூலகம் எரிந்த ஊரவன் நான். தீயினால் எதையும் தூய்மைப்படுத்தலாம் என்ற நம்பிக்கை எனக்கு என்றோ அற்றுப்போயிற்று.

எரிப்பதும் வேண்டாம், விற்பதும் வேண்டாமெனில் பின் என்ன செய்வது? விடை தட்டின் பெயரிலேயே உள்ளது. 'ஸ்பைரல் ஸ்க்ராச்' என்றால் சுருட் கீறல். இசைத்தட்டு என்பது ஒரு நெடிய சுருட் கீறலேயன்றி வேறில்லை. அதன் வழியே ஊசி ஓடும்போது ஒலி பிறக்கிறது, கீறலும் அணுவளவு தேய்கிறது. கேட்டல் என்பதே சிறிது சிறிதாகச் செலவழித்தல். சந்தையிலே அதிக விலை பெறும் தட்டு, எவரும் கேளாமல் வைத்திருந்த தட்டு. என்னுடையதிலோ நடுத்தாளில் என் பெயர் மையில் எழுதப்பட்டிருக்கிறது. பேரன் கண்ட விலை அதற்குக் கிடையாது. அதில் எனக்கு வருத்தமுமில்லை.

தேய்ந்ததும் வீண்போவதில்லை. த கிளாஷ் குழுவினர் 1982இல், புலம்பெயர்ந்தோர் படும் புறக்கணிப்பைப் பொருளாக வைத்து 'ஸ்ட்ரெய்ற் ரு ஹெல்' என்ற பாடலைப் பாடினர். யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்து, அகதியாக இலண்டன் மீண்ட மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலை அதன் இசையின் மீதே கட்டினார். இதைச் சொன்னபோதுதான் பேரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தப் பாடல் அவனுக்கு முன்னமே தெரியும்.

பழைய தட்டியக்கும் கருவியைத் திருத்தக் கொடுத்திருக்கிறேன். அது வந்ததும் இருபத்துமூன்றையும் அவனிடம் ஒப்படைப்பேன். வெறும் இரைச்சல் என்று அவன் சொல்லக்கூடும். சொல்லட்டும், தனக்குரிய இரைச்சலை அவனே ஆக்கிக்கொள்ளட்டும். அந்தத் தட்டுகள் வெளிவந்ததும் அதற்காகத்தானே.