கறுப்பு அங்கியிலிருந்து பாதுகாப்பு அமைச்சகம் வரை

நம் குடும்பங்களில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை எட்டினால் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இன்ஜினீயரிங்கா, மெடிக்கலா?" சட்டம் படிக்கிறேன் என்றால் பெற்றோர் முகம் வாடிவிடுகிறது. டிப்ளமா முடித்து, ரயில்வேயில் பாலம், தண்டவாளம் என்றே காலம் கழித்தவன் நான். ஆயினும் ஒரு வக்கீலின் வாழ்க்கையை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அவர் ஆர். வெங்கட்ராமன். ஜனாதிபதியாக அவரை அனைவரும் அறிவோம். அதற்கு முந்தைய கதைதான் நம் பிள்ளைகளுக்கு வேண்டியது.

1910-ல் தஞ்சை மாவட்டம் ராஜாமடத்தில் பிறந்தவர். பொருளாதாரத்தில் எம்.ஏ., பிறகு சட்டம். 1935-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீலானார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் இரண்டாண்டு சிறைவாசம். 1946-ல் மலேயா, சிங்கப்பூரில் ஜப்பானியருக்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர்களுக்காக வாதாடச் சென்ற வக்கீல்கள் குழுவில் இடம் பெற்றார். தொழிலாளர் சட்டத்தில் தேர்ந்து, 1949-ல் 'லேபர் லா ஜர்னல்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்.

1957 முதல் 1967 வரை சென்னை மாகாணத் தொழில் அமைச்சர். கிண்டி தொழிற்பேட்டை அந்தக் காலத்தில் எழுந்தது. பிறகு திட்டக் கமிஷன் உறுப்பினராக 1971 வரை தொழில், மின்சாரம், போக்குவரத்து, ரயில்வே ஆகியவற்றைக் கவனித்தார். இவற்றோடு, ஐ.நா. ஊழியர்களின் வழக்குகளை விசாரிக்கும் நிர்வாகத் தீர்ப்பாயத்தில் 1955 முதல் 1979 வரை உறுப்பினர்; அதில் கடைசிப் பதினோரு ஆண்டுகள் தலைவர்.

1980-ல் மத்திய நிதியமைச்சர். 1982-ல் பாதுகாப்பு அமைச்சர். ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யலாம் என்று விஞ்ஞானிகள் திட்டம் கொண்டு வந்தபோது, ஏன் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தொடங்கக் கூடாது என்று கேட்டவர் இவர்தான். அப்துல் கலாம் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ரூ. 388 கோடி ஒதுக்கப்பட்டு, 1983-ல் பிருத்வி, அக்னி, திரிசூல், ஆகாஷ், நாக் என ஐந்தும் ஒரே திட்டமாகத் தொடங்கின.

அவர் ராக்கெட் படித்தவரல்லர். இரு தரப்பையும் கேட்பது, காகிதத்தை வரி வரியாய்ப் படிப்பது, யாரும் கேட்காத கேள்வியைக் கேட்பது: இவை வக்கீல் தொழில் தரும் பயிற்சி. எங்கள் ரயில்வேயிலும் டெண்டர் முதல் கடைசி பில் வரை எல்லாமே ஒப்பந்த ஷரத்துக்குக் கட்டுப்பட்டவை. காண்ட்ராக்டர் ஆர்பிட்ரேஷனுக்குப் போய்விட்டால், பாலம் எத்தனை உறுதி என்பதைவிட மெஷர்மென்ட் புக்கில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பேசும்.

இன்று இந்தத் தேவை பெருகியிருக்கிறது. 1995-ல் உலக வர்த்தக அமைப்பு வந்தபின், நாடுகளின் வணிகச் சண்டைகள் ஜெனீவாவில் வழக்குகளாகின்றன. சோலார் தகடு வழக்கில் 2016-ல் அமெரிக்காவிடம் நாம் தோற்றோம். தளவாடக் கொள்முதலிலும் ஒப்பந்தம் எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு இருக்கிறது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றுக்கு 'கிளாட்' என்ற பொது நுழைவுத் தேர்வு உண்டு. வாதாடும் சுபாவமுள்ள பிள்ளையை "வாயை மூடு" என்று அதட்டுமுன், பெற்றோர் ஒரு கணம் யோசித்தால் நலம்.