மாத்திரையும் மறைவிடமும்: ஆயர் பணிக்கு ஒரு குறிப்பு

தாம்பரம் சானடோரியம் என்னும் இரயில் நிலையம் ஒரு மருத்துவமனையினால் பெயர் பெற்றது. 1928ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து காசநோயாளருக்கென நிறுவிய அந்நிலையம், பிற்காலத்தில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாயிற்று. 1993 முதல் எச்.ஐ.வி. உடையோரையும் அது ஏற்றுவருகிறது. 2004 ஏப்ரலில் அரசு ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, முதற்கண் தெரிந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று.

இம்மருந்து கிருமியை அறவே ஒழிப்பதில்லை, பெருகாதவாறு அடக்கிவைக்கிறது. ஆகவே வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொள்ளவேண்டும். இடையிடையே விட்டால், கிருமி மீண்டும் பெருகி, மருந்துக்குக் கட்டுப்படாததாகவும் மாறக்கூடும். ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உடலுறவினால் அது பிறருக்குத் தொற்றுவதில்லை.

இலவசமாகக் கிடைக்கும் இந்நன்மையைச் சிலர் ஏன் கைவிடுகின்றனர்? கவலையீனம் என்று நாம் எளிதில் தீர்ப்பளித்துவிடுகிறோம். ஆனால் மையத்துக்குச் சென்றுவர ஒருநாட் கூலியை இழப்போர் உண்டு. உடல் தேறியதும், இனி மருந்து எதற்கு என எண்ணுவோர் உண்டு. மனச்சோர்வும் குடிப்பழக்கமும் சிலரைத் தடுக்கின்றன. பழைய மருந்துகளுள் சில தலைசுற்றலையும் குமட்டலையும் உண்டாக்கின. இந்நாளில் பெரும்பாலோர்க்கு நாளுக்கு ஒரு மாத்திரையே போதும்.

அந்த ஒன்றையும் மறைத்து உண்ணவேண்டியிருப்பதே பெருந்துன்பம். குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ ஓரறை வாடகை வீட்டில், மாமியாரும் பிள்ளைகளும் பார்த்திருக்க, அதை எங்ஙனம் எடுப்பது? சிலர் மேற்சீட்டைக் கிழித்து வேறு டப்பியில் இட்டுவைக்கின்றனர். உறவினர் திருமணத்துக்குச் செல்லும்போது உடன்கொண்டுபோக அஞ்சுகின்றனர். அறிந்தவர் காணாதபடி தொலைவிலுள்ள மையத்தை நாடுவோர்க்குச் செலவும் மிகுகிறது; செல்லும் நாட்களும் தவறுகின்றன.

இதில் திருச்சபைக்கும் பங்குண்டு. மாத்திரையை விட்டுவிடுவதே விசுவாசம் என்று போதிக்கும் ஜெபக்கூட்டங்கள் உண்டு. நாமோ, ஜெபக்குறிப்பு என்னும் பெயரில், தனிமையில் கேட்டதைச் சபைக்கு அறிவித்துவிடுகிறோம். நம்பிக்கையின்பேரில் ஒருவர் கூறிய எச்.ஐ.வி. நிலையை அவருடைய சம்மதமின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் வருமுன்னரே நம் அழைப்பு அதைத் தடைசெய்திருக்க வேண்டும்.

இரண்டாம் இராஜாக்கள் இருபதாம் அதிகாரத்தில், எசேக்கியாவின் விண்ணப்பம் கேட்கப்பட்டது என்று அறிவித்த ஏசாயாவே, அவனுடைய பிளவைக்கு அத்திப்பழ அடையையும் கொண்டுவரச் சொன்னான். ஜெபமும் மருந்தும் அங்கே பகைத்து நிற்கவில்லை.

ஆகவே, நம்மிடம் வருகிறவரிடம், "எப்படி வந்தது?" என்று கேளாதிருப்போம். "மாத்திரை எடுக்க வீட்டில் இடமிருக்கிறதா? போய்வரப் பணமிருக்கிறதா?" என்று கேட்போம். தவறவிட்டதாகச் சொன்னால் கடிந்துகொள்ளாமல், அவர் விரும்பினால் மையத்துக்கு உடன்செல்வோம். கேட்டதை நம் மனைவியிடமும் மூப்பரிடமும் சொல்லாதிருப்போம். அச்சமின்றிப் பேச ஒருவரேனும் இருப்பாராயின், விட்ட மருந்தை அவர் மீண்டும் தொடரக்கூடும்.