சிறிய மின்கலத்திற்கு ஒரு மர உறை

களப்பணியாளர் பலரிடம் உள்ள பழைய டார்ச் விளக்குகள் 'டி' அளவுள்ள பெரிய மின்கலங்களால் இயங்குவன. சிற்றூர்க் கடைகளிலோ சுவர்க் கடிகாரத்திற்குப் பயன்படும் 'ஏஏ' அளவுள்ள சிறிய மின்கலமே எளிதிற் கிடைக்கிறது. இரவில் வரப்பு வழியே நடப்பவருக்கு விளக்கில்லாமை சிறு குறை அன்று. பாம்பை மிதிக்கும் அபாயம் அதில் உண்டு. ஒரு மரத்துண்டும் ஒரு பித்தளைத் திருகாணியும் இக்குறையைத் தற்காலிகமாகத் தீர்க்க வல்லவை.

மின்கலத்தின் மின்னழுத்தம் அதன் பருமனைப் பொறுத்ததன்று. உள்ளிருக்கும் இரசாயனப் பொருள்களைப் பொறுத்தது. துத்தநாகமும் மாங்கனீஸ் டை ஆக்சைடும் கொண்ட கலம் எந்த அளவினதாயினும், புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய 1.5 வோல்ட்டே தரும். எனவே சிறிய கலம் பெரிய கூட்டில் இயங்காமைக்குக் காரணம் இடைவெளியே. பெரிய கலத்தின் விட்டம் சுமார் 34 மி.மீ., நீளம் 61 மி.மீ.; சிறியதன் விட்டம் 14 மி.மீ., நீளம் 50 மி.மீ. பக்கத்து இடைவெளியை மரம் நிரப்பும். நீளத்திலுள்ள இடைவெளியை உலோகம் இணைக்கும்.

நன்கு உலர்ந்த மரத்தில் 58 மி.மீ. நீளமுள்ள சதுரக்கட்டை ஒன்றை அறுத்துக்கொள்ள வேண்டும். அதன் நடுவே 15 மி.மீ. அகலத்தில் 52 மி.மீ. ஆழம் துளையிட வேண்டும். எஞ்சிய 6 மி.மீ. மரத்தின் மையத்தில் 3 மி.மீ. துளை போதும். துளையிட்ட பின்னரே கட்டையை 33 மி.மீ. விட்டமுள்ள உருளையாக இழைத்தல் நன்று. முன்னரே இழைத்தால் மரம் பிளக்கக்கூடும். 3 மி.மீ. பித்தளைத் திருகாணியை உட்புறமிருந்து செலுத்தி, வெளியே மரையை இறுக்கி, மிகுந்த நுனியை அரத்தால் தேய்த்துவிட வேண்டும். கலத்தின் நேர்முனை திருகாணியின் தலையைத் தொட வேண்டும். அடிப்பாகம் மரத்திற்கு வெளியே மயிரிழையளவு நீண்டிருக்க வேண்டும். உள்ளே அமிழ்ந்திருந்தால் மின்னோட்டம் நிகழாது.

இவ்வுறை கலத்தின் ஆற்றலைப் பெருக்குவதில்லை. பெரிய கலத்தின் கன அளவு சிறியதைப் போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. அதற்கேற்பவே அதிலுள்ள இரசாயனப் பொருளும் மிகுதி. ஆகவே பெரிய கலங்களால் 12 மணி நேரம் எரியும் விளக்கு, அதே வகைச் சிறிய கலங்களால் சுமார் இரண்டு மணி நேரமே எரியும். மிகுந்த மின்னோட்டம் கொள்ளும் கருவிகளில் இக்கால அளவு இன்னும் குறையும். நெடும்பயணத்திற்குப் புறப்படுவோர் இதைக் கணக்கிட்டு மாற்றுக் கலங்களை எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியமானவை. ஒரே விளக்கில் ஒன்றைப் பெரியதாகவும் மற்றொன்றைச் சிறியதாகவும் இடலாகாது. சிறியது முதலில் தீர்ந்து, எதிர்த்திசையில் உந்தப்பட்டு, திரவம் கசியும். அடுத்து, 'ஏஏ' அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம்-அயனிக் கலங்களும் விற்கப்படுகின்றன. அவற்றில் இரண்டை 3 வோல்ட் விளக்கில் இட்டால் பல்பு கருகிவிடும். உறையினுள் இடுமுன் கலத்தின்மீது அச்சிட்டுள்ள வோல்ட் அளவைப் படித்தறிதல் இன்றியமையாதது.

வகுப்பறையில் இவ்வுறை நல்லதொரு பாடக்கருவியுமாகும். ஒரே வகையைச் சேர்ந்த புதிய பெரிய கலத்தையும் உறையிலிட்ட சிறிய கலத்தையும் வோல்ட்மீட்டரால் அளந்து காட்டலாம். முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். பின்னர் ஒரே மாதிரியான இரு பல்புகளை அவற்றுடன் தனித்தனியே இணைத்து, எது முதலில் மங்குகிறதென்று மாணவர்களையே குறிக்கச் செய்யலாம். அழுத்தம் வேறு, சேமிப்பு வேறு என்பதை அவர்கள் கண்கூடாக உணர்வர்.