வகுப்பறையிலிருந்து விண்மீன் காண்போம்

கிறிஸ்து பிறப்பு விழாவிற்குக் குடில் அமைத்து, அதன் மேல் காகித விண்மீனைக் கட்டி மகிழ்கிறோம். ஆனால் மார்கழியில் நம் கடலூரிலும் சிதம்பரத்திலும் உண்மை விண்மீன்களைக் காண்பது பல நாட்களில் அரிது. வடகிழக்குப் பருவமழை மேகங்கள் வானை மூடிவிடுகின்றன. மேகம் கலைந்தாலோ தெருவிளக்குகளின் ஒளி அவற்றை மங்கச் செய்கிறது. ஊருக்கு வெளியே இருட்டில் சென்று பார்க்கலாமென்றால், பெண் பிள்ளைகளை இரவில் அனுப்பப் பெற்றோர் தயங்குவர். இத்தடைகளைக் கடக்க வழி உண்டா? உண்டு. அதுவே தொலைவிலிருந்து இயக்கும் தொலைநோக்கி.

லடாக்கில் ஹான்லே என்னும் இடத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் விட்டமுள்ள ஆடி பொருத்திய தொலைநோக்கி ஒன்று உள்ளது. நோபல் பரிசு பெற்ற தமிழ் அறிஞர் சந்திரசேகரின் நினைவாக அது இமாலய சந்திரா தொலைநோக்கி எனப் பெயர் பெற்றது. அங்கே காற்று வறண்டது, வானம் தெளிவானது, குளிரோ கொடியது. ஆகவே 2001 முதல் வானியலார் பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில் அமர்ந்து, செயற்கைக்கோள் தொடர்பின் வழியே அதனை இயக்கி வருகின்றனர். இங்கே கணிப்பொறியில் கட்டளையிட்டால், அங்கே தொலைநோக்கி திரும்புகிறது; மின்னணுக் கருவி படமெடுக்கிறது; படம் இங்கு வந்து சேர்கிறது.

அது ஆராய்ச்சிக்கானது. பள்ளிப் பிள்ளைகளையே மனத்திற் கொண்டு ஹவாய்த் தீவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஃபோக்ஸ் தொலைநோக்கிகள் என்னும் 2 மீட்டர் தொலைநோக்கிகள் நிறுவப்பட்டன. இதில் ஒரு விந்தை உண்டு. நமக்கு நண்பகல் 12 மணி என்றால், ஹவாயில் முந்திய நாள் இரவு 8.30 மணி! பள்ளி நேரத்திலேயே இரவு வானைக் காணலாம் அல்லவா?

இரவில் வெளியே செல்லாமல் வானியல் கற்க முடியுமா என்று சிலர் ஐயுறலாம். வத்திக்கான் வான் ஆய்வகத்தில் 1910 முதல் 1921 வரை நான்கு அருட்சகோதரிகள் செய்த பணியே அதற்கு விடை. பிறர் எடுத்த ஒளிப்படத் தகடுகளைச் சிலர் நுண்ணோக்கியில் பார்த்து அளவு சொல்ல, ஒருவர் ஏட்டில் எழுதினார். இவ்வாறு 4,81,215 விண்மீன்களின் இடத்தையும் ஒளியையும் அவர்கள் குறித்தனர். தொலைநோக்கியின் அருகில் நிற்பது மட்டும் வானியல் அன்று. பொறுமையாக அளப்பதும் வானியலே.

எனினும் திரையில் காணும் படம் மட்டும் போதாது. மாசி, பங்குனியில் வானம் தெளியும்போது, வீட்டு மாடியில் அன்னையுடன் நின்று வேட்டைக்காரன் கூட்டத்தையும் சப்தரிஷி மண்டலத்தையும் முதலில் அறிந்துகொள்வோம். கண் பழகினால்தான் படம் பேசும்.

பெற்றோர்களே, உங்கள் மகள் வானத்தைப் பற்றிக் கேட்டால், “அது உனக்கெதற்கு?” என்று சொல்லிவிடாதீர்கள். அச்சகோதரிகள் அளந்தது சிறு பகுதியே. அளக்க வேண்டியவை இன்னும் எத்தனையோ! அவற்றுள் சிலவற்றை நம் கடற்கரை ஊர்ப் பெண்களும் அளப்பார்களாக!