கொடைமலைக்கு மேலே வால்நட்சத்திரம்

2024 அக்டோபர் இரண்டாம் வாரம், மாலை வானில் வெறும் கண்ணுக்கே தெரியும் வால்நட்சத்திரம் ஒன்று வந்தது. பெயர் சூச்சின்ஷான்-அட்லஸ். 2023 ஜனவரியில் சீனாவின் பர்ப்பிள் மவுண்டன் வானாய்வகமும், அடுத்த மாதம் தென்னாப்பிரிக்காவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியும் அதைக் கண்டுபிடித்தன. 2024 செப்டம்பர் 27 அன்று சூரியனை நெருங்கிச் சுற்றித் திரும்பி, அக்டோபர் 12 அன்று பூமியிலிருந்து சுமார் 7 கோடி கிலோமீட்டர் தூரத்தில் கடந்தது.

நிலக்கோட்டையிலிருந்து பார்த்தால் அது இறங்கிய திசை, கொடைக்கானல் மலை நிற்கும் அதே மேற்குத் திசை. அடிவானத்தில் இரண்டு விரல் உயரத்தை மலை மறைத்துவிடும் என்பதால், வால்நட்சத்திரம் மறையும்வரை காத்திருக்க முடியாது. ஆனால் படத்துக்கு மலை முகடு அழகான அடித்தளம். வத்தலக்குண்டு சாலையில் ஊர் விளக்குகளைத் தாண்டி, மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவே மேற்கு திறந்திருக்கும் இடமே தோது.

சூரியன் மறைந்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரைதான் நல்ல பொழுது. அதற்கு முன் வெளிச்சம் விழுங்கிவிடும். பின் மலை விழுங்கிவிடும். அக்டோபர் நடுவில் வெள்ளிக் கோளுக்கும் சுவாதி நட்சத்திரத்துக்கும் இடையே தேடினால் போதுமாக இருந்தது. கைபேசியை முக்காலியில் பொருத்தி, ஃபிளாஷை அணைத்து, ப்ரோ மோடில் ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 4 விநாடி என்று தொடங்கலாம். விரல் பட்டு அசையாமல் இருக்க டைமர் வையுங்கள். பெரிய கேமரா என்றால் வெள்ளியைத் திரையில் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்யுங்கள். 50 மி.மீ. லென்ஸில் 5 விநாடியைத் தாண்டினால் பூமியின் சுழற்சியால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடத் தொடங்கும். கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் வால், படத்தில் நீளமாக விரியும்.

பெரிய தடை மேகம். அந்த அக்டோபர் 15-இல் வடகிழக்குப் பருவமழை தொடங்கியது, 17-இல் பௌர்ணமி நிலவின் வெளிச்சமும் சேர்ந்தது. அதனால் மேகம் விலகும் ஐந்து நிமிடத்தையும் விடக்கூடாது.

மேகம் விலகும் அந்தச் சில நிமிடங்களின் அருமையைச் சென்னை வானாய்வகம் 1872-லேயே கண்டது. காணாமல் போயிருந்த பீலா வால்நட்சத்திரத்தைத் தேடச் சொல்லி ஜெர்மனியின் வானியலர் கிளிங்கர்ஃபியூஸ் சென்னைக்குத் தந்தி அனுப்பினார். சென்னை வானாய்வகத்தின் வானியலர் நார்மன் போக்சன் டிசம்பர் 2, 3 ஆகிய இரு நாட்கள் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டார். அதன்பின் மேகம் மூடிக்கொண்டது. பாதையைக் கணக்கிடக் குறைந்தது மூன்று நாட்களின் இடக்குறிப்பு வேண்டும்; இருந்ததோ இரண்டு. அவர் கண்டது எது என்பது இன்றுவரை தீரவில்லை. பின்னாளில் அந்த வானாய்வகத்தின் பணி 1899-இல் கொடைக்கானலுக்கு மாறியது. அங்கே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எடுத்துச் சேர்த்த சூரியப் படங்கள், தேதியும் நேரமும் குறிக்கப்பட்டிருப்பதாலேயே இன்றும் ஆய்வுக்குப் பயன்படுகின்றன.

அழகான ஒரு படத்தோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். அடுத்த வால்நட்சத்திரம் வரும்போது குறைந்தது மூன்று மாலை எடுங்கள். சுற்றியுள்ள நட்சத்திரங்களும் சட்டத்துக்குள் விழட்டும். கைபேசியின் கடிகாரத்தைச் சரிபார்த்து, எடுத்த இடம், தேதி, நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள். மூலப்படத்தை அழிக்காதீர்கள். போக்சனுக்குக் கிடைக்காத மூன்றாவது நாள், நிலக்கோட்டைத் தோட்டத்தில் நிற்கும் ஒரு மாணவியின் கைபேசிக்குக் கிடைக்கலாம்.